சிஜிபிஏ குறைவா? ‘அட்மிட் நிச்சயம்’ பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் எம்.எஸ். ஃபைனான்ஸ் அல்லது ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் (கணிதத்தைக் கொண்டு நிதிச் சந்தையை அணுகும் படிப்பு) படிக்க ஆசைப்பட்டு, பி.இ.யில் 10-க்கு 6.2, 6.5 என்று சிஜிபிஏ (மொத்தப் படிப்பின் சராசரிப் புள்ளி) வைத்திருப்பவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. “கவலைப்படாதீங்க சார், ஜிபிஏவை நாங்க பாத்துக்கறோம். அட்மிட் வரலைன்னா பணம் வாபஸ்” என்று அப்பாவைப் பார்த்துத்தான் பேச்சு தொடங்கும். இந்த பேக்கேஜில் மாட்டிக்கொண்ட ஒரு மாணவரின் ஒப்பந்தம், விண்ணப்பங்கள், மின்னஞ்சல்களை வைத்து இதை எழுதுகிறோம். கன்சல்டன்சியின் பெயரைச் சொல்லவில்லை. இதே ஷரத்துகள் வேறு லோகோக்களின் கீழும் புழங்குகின்றன. எனவே பெயரைவிட ஷரத்தைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

மாணவர் மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2017 ரெகுலேஷன் (பாட, மதிப்பெண் விதிமுறை). சிஜிபிஏ 6.4. நான்கு அரியர், எல்லாம் கிளியர். பேக்கேஜ் 85,000 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு 1,00,300. எட்டுப் பல்கலைக்கழகங்கள். விண்ணப்பக் கட்டணங்கள் தனி. முடிவில் ஐந்து ரிஜெக்ட், மூன்று அட்மிட். அந்த மூன்றில் ஒன்றுகூட அவர் கேட்ட படிப்பு இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “மூணு அட்மிட் வந்துடுச்சே தம்பி, சர்வீஸ் முடிஞ்சுது” என்றார்கள். ஒப்பந்தப்படி அது சரிதான்!

சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது. ‘பட்டியலில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களும் நிராகரித்தால் மட்டுமே கட்டணம் திரும்பத் தரப்படும்’ என்பது ஷரத்து. பட்டியலை இறுதி செய்யும் உரிமை கன்சல்டன்சிக்கு. ஆகவே எட்டில் மூன்று இடங்கள், கட்டணம் கட்டினால் ஏறக்குறைய எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள். வாபஸ் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மீதி ஐந்து கொலம்பியா, கார்னெகி மெலன் போன்ற பெரிய பெயர்கள், அப்பாவைத் திருப்திப்படுத்த. இவை இரண்டுக்கும் நடுவில், 6.4 உள்ளவர் உழைத்தால் எட்டக்கூடிய இடம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை.

அந்த மூன்று இடங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவது அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நாகாக் 2013-ல் தன் விதியைத் திருத்தி, வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற நிபந்தனையோடு அதற்கு இடம் கொடுத்தது. கமிஷன் வாங்குவது குற்றமல்ல. மாணவரிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்திடம் வாங்குவதை மறைப்பதுதான் தவறு. “இந்த எட்டில் எவை உங்களுக்குக் கமிஷன் தருகின்றன?” என்று வாட்ஸ்அப்பில் இல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஏஜென்ட்டுகளின் பட்டியலை இன்டர்நேஷனல் அட்மிஷன்ஸ் பக்கத்தில் போட்டிருக்கும், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிடைத்த மூன்று அட்மிட்டுகளில் ஒன்றுக்கு டெபாசிட் (இடத்தை உறுதிசெய்யும் முன்பணம்) கட்டச் சொல்லி நெருக்கினார்கள். “எம்.எஸ்.னா எல்லாமே ஸ்டெம் தான்” என்று வாய்மொழி உத்தரவாதம். ஸ்டெம் என்றால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பு. அந்த உத்தரவாதம் பொய். ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி கோடு என்று ஒரு ஆறு இலக்க எண் உண்டு. ஃபைனான்ஷியல் மேத்தமேட்டிக்ஸ் 27.0305, ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. சாதாரண ஃபைனான்ஸ் 52.0801, பட்டியலில் இல்லை. முதல் வகைக்குப் படிப்பு முடிந்தபின் 12 மாத ஓபிடியோடு (படித்த துறையில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் அனுமதி) 24 மாத நீட்டிப்பு கேட்கலாம். இரண்டாவதில் 12 மாதத்தோடு சரி. கல்விக் கடனை அடைக்கும் கணக்கே இதில் தலைகீழாகிவிடும். கோடு, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும், ஆனால் ஐ-20 கைக்கு வரும் நேரத்தில் டெபாசிட் போயிருக்கும். டெபாசிட்டுக்கு முன்பே துறைக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கோடு என்ன என்று கேளுங்கள். துறையே சொல்லிவிடும்.

இனி கோப்பின் மோசமான பகுதி. விண்ணப்பப் படிவத்தில், அமெரிக்காவின் 4 புள்ளி அளவில், ஜிபிஏ 3.2 என்று நிரப்பியிருந்தார்கள். 6.4-ஐ நேராக 4-க்கு மாற்றினால் 2.56. நேர் விகிதக் கணக்கு சரியான முறையல்ல என்பது உண்மை. வெளிநாட்டுப் பட்டங்களை அமெரிக்க அளவுக்கு மதிப்பிடும் வெஸ் போன்ற நிறுவனங்கள் பாடம் பாடமாக கிரேடை மாற்றிக் கணக்கிடுவதால் எண் கூடிவரலாம். ஆனால் 3.2 எந்த மதிப்பீட்டிலிருந்தும் வரவில்லை, கன்சல்டன்சியின் சொந்த அட்டவணையிலிருந்து வந்தது. பெரும்பாலான படிவங்கள் ‘மாற்றாதே, உன் பல்கலைக்கழக அளவிலேயே போடு’ என்று தெளிவாகவே சொல்கின்றன. 6.4/10 என்று போடவேண்டிய இடத்தில் 3.2/4 என்று போட்டால், டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்த நிமிடமே முரண் கண்ணில் படும். மாணவரின் 2017 ரெகுலேஷனில் தேர்ச்சிக்கான கடைசிக் கிரேடு பி, அதற்கு 6 புள்ளி. முதல் வகுப்புக்கே 6.4 போதாது. இந்திய டிரான்ஸ்கிரிப்ட்டுகளை வருடக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது என்று நினைப்பது அசட்டுத்தனம்.

உத்தேச எண் தெரியவேண்டுமென்றால் வெஸ் தளத்தில் இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது. அதிகாரபூர்வ அறிக்கைக்கு ஆவணங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போகவேண்டும். ‘வெஸ்ஸில் ஜிபிஏ ஏத்தித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு போலப் பல இடங்களில் முதுகலைப் படிப்புக்கு 3.0 என்பது பல்கலைக்கழக அளவிலான குறைந்தபட்சம். அதற்குக் கீழே இருந்தால் விலக்கு உண்டா என்று துறையிடம் கேட்டபிறகு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். பி.காம். படித்தவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா இடமும் ஏற்பதில்லை. வெஸ் அதை அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்ள, நாக் (கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) வழங்கும் ‘ஏ’ தரமும் இரண்டாம் வகுப்புக்குக் குறையாத தேர்ச்சியும் பார்க்கிறது. கன்சல்டன்சி இதைக் கேட்காமலே பணம் வாங்கினால் அவர்களுக்குத் தொழில் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை.

அரியரை மறைக்க ஒரு குறுக்குவழி காட்டினார்கள்: செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை விட்டுவிட்டு கன்சாலிடேட்டட் ஷீட்டை மட்டும் ஏற்றுவது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருக்கிறது. மூன்றாம் செமஸ்டர் பாடம் ஆறாம் செமஸ்டர் காலத்தில் பாஸ் என்று இருந்தால் அதற்கு விளக்கவுரை வேண்டுமா?

பரிந்துரைக் கடிதங்களுக்கு வருவோம். மூன்று பேராசிரியர்கள் பெயரில் மூன்று ஜிமெயில் முகவரிகள், மூன்றையும் கன்சல்டன்சியே உருவாக்கியிருந்தது. கடிதங்களும் அவர்களே எழுதியவை. இரண்டில் ஒரே வாக்கியம், கமா உட்பட. விண்ணப்பத்துக்கான மின்னஞ்சல் கணக்கும் அவர்கள் திறந்ததே, பாஸ்வேர்டு மாணவரிடம் இல்லை. ரிஜெக்ட் வந்ததைக்கூட அவர் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார். இதெல்லாம் ‘ஊரில் எல்லோரும் செய்வதுதான்’ என்று விட்டுவிட முடியாது. சமர்ப்பி என்ற பொத்தானுக்கு மேலே ‘தகவல்கள் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழியில் இருப்பது உங்கள் பெயர். பின்னாளில் தெரிந்தால் அட்மிட் ரத்தாகும், பட்டம் வாங்கியபிறகு அதையும் பறிக்கலாம். அந்தப் பொய் விசா விண்ணப்பத்துக்குள்ளும் போனால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி)(ஐ) பிரிவின்படி நிரந்தரமாக நுழையத் தகுதியற்றவராகலாம். 2024-ல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் போலி ஆவணங்களால் சேர்ந்த ஓர் இந்திய மாணவர் கைதாகி, படிப்பை இழந்து ஊர் திரும்பினார். அப்படி நடக்கும்போது கன்சல்டன்சி வழக்கில் வராது.

ஜிமேட் (வணிகப் படிப்புகளுக்கான சேர்க்கைத் தேர்வு) வேண்டாம், வெய்வர் (தேர்விலிருந்து விலக்கு) வாங்கித் தருகிறோம் என்பது அடுத்த ‘சலுகை’. குறைந்த சிஜிபிஏ உள்ளவருக்கு இதைவிடக் கெட்ட ஆலோசனை கிடையாது. மதிப்பெண் பட்டியலில் இல்லாத கணிதத் திறனைக் காட்ட அவரிடம் இருக்கும் முதல் சான்றே அந்தத் தேர்வுதான். அதையும் எடுத்துவிட்டால் சேர்க்கைக் கமிட்டியின் முன்னால் 6.4 மட்டும் தனியாக நிற்கும். தேர்வு எழுதினால் கன்சல்டன்சிக்குக் கால அட்டவணை தள்ளிப்போகும், கமிஷன் பல்கலைக்கழகங்களோ தேர்வையே கேட்பதில்லை. வெய்வர் யாருடைய வசதிக்கு என்பது புரிந்திருக்கும்.

ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் என்றால் பெரும்பாலும் ஜிஆர்இ (முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு), வணிகப் பள்ளியின் எம்.எஸ். ஃபைனான்ஸ் என்றால் ஜிமேட் அல்லது ஜிஆர்இ. ஜிஆர்இயின் கணிதப் பிரிவான குவான்ட்டில் 170-க்கு 170 எடுத்தாலும் பெர்சன்டைல் 90-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அதாவது முழு மதிப்பெண் எடுப்பவர்கள் அவ்வளவு பேர். 160 எடுத்துவிட்டு ஜிபிஏவை ஈடுகட்டிவிட்டோம் என்று நினைக்காதீர்கள், குவான்ட் படிப்புகளுக்கு 167, 168-லிருந்துதான் பேச்சே. இப்போதைய ஜிமேட் 205 முதல் 805 வரை, மூன்று பிரிவு, இரண்டே கால் மணி நேரம். 2024 ஜனவரியோடு நின்றுபோன பழைய 800 அளவின் ‘700 போதும்’ கணக்கை இதற்குப் பொருத்திச் சொல்லும் ஆலோசகரை நம்பவேண்டாம். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணும் 5 ஆண்டு செல்லும்.

அடுத்த சான்று, பட்டத்துக்குப் பிறகு எடுத்த கணிதப் பாடங்கள். அந்த 1,00,300 ரூபாயில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால் கோப்பே வேறு மாதிரி இருந்திருக்கும். மெக்கானிக்கல் சிலபஸில் டிரான்ஸ்ஃபார்ம்ஸும் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸும் உண்டு, ஸ்டாட்டிஸ்டிக்ஸும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் உண்டு. தனியான லீனியர் ஆல்ஜீப்ரா, முறையான ப்ராபபிலிட்டி, சி++ போதாது. இலினாய் பல்கலைக்கழகத்தின் நெட்மேத் போன்ற இணையவழிப் பாடங்கள் கிரெடிட்டும் கிரேடும் கொண்ட டிரான்ஸ்கிரிப்ட் தருகின்றன. கட்டணம் கூடுதல், மதிப்பும் அதிகம். அதற்கு வசதியில்லாவிட்டால் ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் போடுவதால், வீடியோ பார்த்து முடித்ததற்குத் தரும் சான்றிதழைவிட எடை உண்டு. பாடத்தை ஏற்கெனவே சுமாராகப் பாஸ் செய்திருந்தால் அதே பாடத்தையோ அடுத்த நிலையையோ எடுத்து நல்ல மதிப்பெண் காட்டவேண்டும். நிதி ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வில் லெவல் 1 பாஸ் ஆவது எம்.எஸ். ஃபைனான்ஸுக்கு நன்றாக உதவும். ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் கமிட்டிக்கு அது கணிதச் சான்று அல்ல.

ஆப்ஷனல் எஸ்ஸே (கட்டாயமில்லாத கூடுதல் விளக்கக் கட்டுரை) என்ற கட்டத்தை இந்தக் கோப்பில் காலியாக விட்டிருந்தார்கள், ‘குறையை நாமே ஏன் சொல்லணும்’ என்று. குறை டிரான்ஸ்கிரிப்ட்டில் அச்சாகியிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. 200 சொல்லுக்குள், எந்த செமஸ்டரில் ஏன் சரிந்தது, கடைசி நான்கு செமஸ்டரின் ஜிபிஏ எவ்வளவு, கணிதப் பாடங்களின் ஜிபிஏ மட்டும் எவ்வளவு, அதன்பிறகு எடுத்த பாடங்களில் என்ன கிரேடு. கல்லூரியையும் பேராசிரியரையும் குறை சொல்லும் ஒரு வரிகூட வேண்டாம்.

எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரே டெம்ப்ளேட்டை எட்டு இடத்துக்கு அனுப்பி, ஒன்றில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரையும் விட்டுவைத்திருந்தார்கள். ஃபைனான்ஸ் படிப்புகள் பலவற்றில் கேள்வி திரையில் தோன்றிச் சில நொடிகளில் பேச ஆரம்பிக்கவேண்டிய வீடியோ நேர்காணல் வேறு உண்டு. அங்கே எஸ்ஓபியின் ஆங்கிலமும் உங்கள் ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆலோசகரே வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்வதானால் பட்டியலை நீங்கள் முடிவு செய்யுங்கள். துறைகள் வெளியிடும் கிளாஸ் ப்ரொஃபைலில் (சேர்ந்த மாணவர்களின் விவரத் தொகுப்பு) சராசரி ஜிபிஏவைப் பார்க்காமல் நடு 80% வீச்சை, அதாவது மேலே 10 சதவீதத்தையும் கீழே 10 சதவீதத்தையும் நீக்கிய எல்லையைப் பாருங்கள், அதன் கீழ் எல்லைக்கு அருகிலாவது நீங்கள் வரும் இடங்கள்தான் பட்டியலின் பெரும்பகுதியாக இருக்கவேண்டும். வாபஸ் ஷரத்து எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லி எழுதப்படட்டும். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களிடம், விண்ணப்பக் கட்டணம் உங்கள் கார்டில். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், ஸ்கேன் போதும். பணம் தவணையாக, நிறுவனத்தின் கணக்குக்கு, ஜிஎஸ்டி பில்லோடு. முதலாளியின் ஜிபே எண்ணுக்கு அனுப்பினால் நாளை பணம் கொடுத்ததையே நிரூபிக்க அலையவேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எல்லா போர்ட்டல்களின் பாஸ்வேர்டையும், அவற்றோடு இணைத்த மீட்பு முகவரியையும் மாற்றுங்கள். தவறான ஜிபிஏவோ போலிப் பரிந்துரையோ போயிருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு நீங்களே எழுதித் திருத்துங்கள் அல்லது விண்ணப்பத்தை வாபஸ் வாங்குங்கள். கட்டணம் போகும், பெயர் மிஞ்சும். பிறகு ஒப்பந்தம், பில், வாட்ஸ்அப் உரையாடலின் எக்ஸ்போர்ட், அவர்கள் அனுப்பிய எஸ்ஓபி கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் தாக்கல் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போடவேண்டும். மனுவில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்று குறிப்பிடுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடுவதானால் 2019 சட்டப்படி அது மாநில ஆணையத்துக்குப் போகவேண்டிய வழக்கு, மாவட்டத்தில் அந்த வரியைச் சேர்த்து மனுவைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம்.