அளந்த முகப்பும் புழங்கும் முற்றமும்: காஸ்பர் பிலிப்ஸ், வான்கோ

டச்சு நகரங்களின் அன்றாடக் கட்டடங்களைக் கோட்டோவியம் வழியே அறிய விரும்புவோர் முன்னே நேரெதிரான இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஆம்ஸ்டர்டாமில் 1768 முதல் 1771 வரை வெளிவந்த காஸ்பர் பிலிப்ஸின் செப்புத்தகட்டுப் படத்தொகுப்பு. மற்றொன்று, 1882இல் தி ஹேக் நகரில் வின்சென்ட் வான்கோ வரைந்த படங்கள்.

பிலிப்ஸ், ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட் என்னும் இரு கால்வாய்களின் கரைகளிலும் இருந்த வீடுகளை ஒன்றுவிடாமல், தொலைவால் சுருங்காத நேர்முகத் தோற்றமாக வரிசைப்படுத்தினார். முகப்பின் உச்சியில் எழும் மணி வடிவ முகடு, கழுத்து வடிவ முகடு, வாசற்படி, சாளரக் கட்டங்கள் என எல்லாம் அதில் தெளிவாக நிற்பதால், பிற்காலத்தில் பழைய முகப்புகளை மீட்டெடுத்தவர்களுக்கு அது பெருந்துணையாயிற்று. ஆயினும் அவை செல்வர் வாழ்ந்த கரைகள். சந்துகளில் பிழைத்த எளியவர்களின் கடைகளுக்கு அந்தத் தொகுப்பில் இடமில்லை.

அந்தக் குறையை ஈடுசெய்பவர் வான்கோதான். ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வணிகராக இருந்த அவருடைய சித்தப்பா, தி ஹேக் நகரக் காட்சிகளைப் பேனாவில் வரைந்து தருமாறு, படம் ஒன்றுக்கு இரண்டரை கில்டர் வீதம் பன்னிரண்டு படங்கள் கேட்டார். அந்த 1882ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஹேஸ்ட் பகுதியின் ரொட்டிக்கடை ஒன்று வான்கோவின் தாளில் இடம்பெற்றது. மே மாதத்தில், தம் வீட்டின் பின்பக்கச் சன்னலிலிருந்து கீழே பார்த்து அவர் வரைந்த தச்சுப்பட்டறை முற்றத்தை நான் இன்னும் மேலாக மதிக்கிறேன். மரக்கட்டைகள், வேலிகள், காயும் துணிகள், வேலையில் இருக்கும் மனிதர்கள், அவர்களுக்கப்பால் விரியும் புல்வெளி ஆகிய அனைத்தும் ஒரே தாளில் தத்தம் தொலைவில் சரியாக அமர்ந்திருக்கின்றன. தொலைவுத் தோற்றத்தைக் கணிக்க அவர் கைக்கொண்ட, ஊடே பார்த்து வரையும் சட்டகத்தின் கட்டுப்பாடு இதில் தெரிந்தாலும், அது உயிரோட்டத்தை நெரிக்கவில்லை.

அதே ஆண்டில் அவருடன் ஏழைத் தெருக்களில் படம் வரையச் சென்ற டச்சு ஓவியர் பிரைட்னரையும் சிலர் இங்கே சேர்ப்பார்கள். ஆனால் அவருடைய நாட்டம் கட்டடங்களைவிட நடமாடும் மனிதர்கள்மீதே அதிகம் சென்றது.

ஒரு முகட்டின் வடிவத்தை அறிய வேண்டுமெனில் பிலிப்ஸையே நாட வேண்டும். தொழில் நடக்கும் இடமாக ஒரு கட்டடத்தைக் காண வான்கோவே என் தேர்வு. தச்சுப்பட்டறைப் படம் நெதர்லாந்தில் உள்ள ஓட்டர்லோவின் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. தாளில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் இத்தகைய படங்களை எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை, ஆகவே விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது.