விடுமுறைக்கு எந்தப் புத்தகம்: இந்தியப் பதிப்பா, நம் ஊர்க் கதையா, கைபேசிக் கதையா?

தவணை முடிகிற வாரத்தில் எங்கள் பாடசாலை நூலக வாசலில் பெற்றோர் காத்து நிற்பார்கள். "மிஸ், வீட்டில தமிழ் வாசிக்கிறானே இல்லை. என்ன புத்தகம் வாங்கிக் குடுக்கலாம்?" கொழும்பில் இதற்கு மூன்று வழி உண்டு: இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகம், இலங்கையிலேயே பிறந்த கதை, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கதை. மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். வயதைப் பார்த்துத்தான் என் பதில் மாறும்.

வெள்ளவத்தைக் கடைகளில் கண்ணில் அதிகம் படுவது இந்தியப் பதிப்பு. தெரிவு நிறைய, நல்ல படங்களும் உண்டு. பின்னட்டையில் இந்திய விலையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். மாற்று விகிதமும் கொண்டுவரும் செலவும் அதன்மேல் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் சொற்கள். தரம் 2 பிள்ளை ஒருத்தி பக்கத்தில் விரலை வைத்தபடியே என் மேசைக்கு வந்தாள். "மிஸ், பீரோ எண்டா என்ன?" படத்தைக் காட்டினேன். "இது அலுமாரியெல்லோ!" என்று சிரித்தாள். அடுத்த பக்கத்தில் நாற்காலி. அவள் வீட்டில் அது கதிரை. இப்படி ஒரு சொல் வந்தால் பிள்ளைக்குப் புதையல். பக்கத்துக்கு நாலு வந்தால் புத்தகத்தை மூடிவிடும். கொழும்பில் ஒரு வகுப்பிலேயே அம்மம்மா, பாட்டி, உம்மம்மா மூவரும் இருக்கிறார்கள். ஆகவே எல்லா வீட்டுக்கும் பொருந்தும் தமிழ் என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். கடையில் நின்றபடியே இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பாருங்கள், உங்கள் வாய்க்கு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ஏழு வயதுக்குக் கீழே நான் முதலில் எடுப்பது நம் நாட்டுக் கதை. அதிலும் சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதி, தானே படமும் வரைந்த குடைத் திருடன் கதை. குடையையே கண்டிராத ஊர். மழை வந்தால் வாழையிலையும் சேம்பிலையும்தான். கிரி மாமா பட்டணத்துக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே காட்டுக்குள் போகிறார். நான் சிங்களப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படத்தைக் காட்டித் தமிழில் சொல்வேன். மரத்தில் குடைகள் தொங்கும் பக்கம் வந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். திருடன் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அந்த இலையும் மழையும் நம் பிள்ளைகள் அறிந்தவை, விளக்கமே தேவைப்படாது. ஆனால் இங்கே தமிழில் வரும் சிறுவர் நூல்கள் போதாது. நாலைந்து வாங்கியதும் அடுத்தது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தக் குறை எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பத்து வயதை எட்டியதும் தராசு இந்தியப் பதிப்பின் பக்கம் சாயும். அந்த வயதில் அந்நியச் சொல் தடையாக இருக்காது. தெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானில் வெளியிட்ட தன் பள்ளிக்கால நினைவுகளான டோட்டோ-சான், இந்தியப் பதிப்பகமான நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழில் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. ஒரு பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டு வந்த சிறுமி பேசப் பேச, தலைமை ஆசிரியர் மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாதிரி வினாத்தாள் கட்டோடு அலையும் பிள்ளைக்கு அந்த அத்தியாயத்தை இரவில் வாசித்துக் காட்டுங்கள். நீங்களும் கேளுங்கள்.

கைபேசி வழி என்றால் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. கதைகள் நான்கு வாசிப்பு மட்டங்களில் பிரிக்கப்பட்டிருக்கின்றன, இலவசமாகத் தரவிறக்கலாம். யாரும் மொழிபெயர்த்துப் பதிவேற்றலாம் என்பதால் தமிழின் தரம் ஏறி இறங்கும். முதலில் நீங்கள் வாசித்துவிட்டுக் கொடுங்கள். பஸ்ஸிலும் வைத்தியசாலை வரிசையிலும் உதவும். படுக்கைக்கு மட்டும் வேண்டாம். ஒரு கதை முடிந்ததும் விரல் வீடியோவுக்குத் தாவிவிடுகிறது, எத்தனையோ அம்மாமார் வந்து சொல்லிவிட்டார்கள்.

காசு இறுக்கமாக இருந்தால் விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வாங்க முடிந்தவர்கள் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு. அங்கே ஒரு புத்தகத்தை நீங்கள் தெரிவு செய்யுங்கள், ஒன்றைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். அட்டையில் டைனோசர் இருக்கிறது என்பதற்காகவே அது எடுத்தாலும் தடுக்காதீர்கள்.