டெம்போ நாப் இருக்குனு நம்பி மிடி கன்ட்ரோலர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

மேடையில பேக்கிங் ட்ராக்கோட வாசிக்கிறவங்க, பாடுறவங்க மூச்சுக்கு ஏத்த மாதிரி டெம்போவை (பாட்டோட வேகத்தை) கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்குறவங்க, உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட நான் வாங்கின மிடி கன்ட்ரோலர்ல (கம்ப்யூட்டர்ல ஓடுற மியூசிக் சாஃப்ட்வேரை நாப், அதாவது திருகு, பட்டன் வெச்சு இயக்குற கருவி) எப்படி ஏமாத்தினாங்கன்னு முழுசா எழுதுறேன். இதே மாதிரி விளம்பரம் வேற பேர்லயும் சுத்திட்டு இருக்கு, அதனால பேரை விட அந்த ஏமாத்து எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் முக்கியம்.

விளம்பரத்துல பெருசா போட்டிருந்தது என்னன்னா, டெம்போவுக்குன்னே தனியா ஒரு பெரிய நாப், பக்கத்துல சின்ன டிஸ்ப்ளே, "0.01 பிபிஎம் துல்லியம், எந்த மியூசிக் சாஃப்ட்வேர்லயும் வேலை செய்யும்". பிபிஎம்னா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கிறது. நான் வாங்கறதுக்கு முன்னாடியே எழுத்துலயே கேட்டேன், இந்த நாப் 14 பிட்ல அனுப்புதா இல்ல சாதாரண 7 பிட்டான்னு. "14 பிட்தான் சார், ஹை ரெசல்யூஷன்"னு பதில் வந்துச்சு. அந்த சாட் இன்னும் என்கிட்ட இருக்கு.

ஏன் இதைக் கேட்டேன்னு புதுசா வர்றவங்களுக்காக சொல்லிடறேன். மிடி 1983ல வந்தது. அதுல ஒரு நாப் திருப்பினா போற சாதாரண 7 பிட் கன்ட்ரோல் மெசேஜுக்கு 0ல இருந்து 127 வரைக்கும்தான் மதிப்பு, மொத்தம் 128 படி, அவ்வளவுதான். ஏபிள்டன் லைவ்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல (இனிமே லைவ்னு சொல்றேன்) டெம்போ 20ல இருந்து 999 வரைக்கும் போகும், அந்த முழு ரேஞ்சையும் ஒரு 7 பிட் நாப்புக்குக் கொடுத்தா ஒரு படிக்கு கிட்டத்தட்ட 7.7 பிபிஎம் குதிக்கும். பாட்டு 92ல ஓடிட்டு இருக்கு, சரணத்துல 93க்கு மெதுவா தள்ளணும்னு தொட்டீங்கன்னா நேரா 100ல போய் நிக்கும். 14 பிட்னா ரெண்டு மெசேஜ் சேர்ந்து ஒரே மதிப்பைச் சொல்லும், 16384 படி கிடைக்கும். அதே முழு ரேஞ்சுக்கு ஒரு படி 0.06 பிபிஎம்தான், காதுக்கே தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அதை வாங்கினேன்.

வந்ததும் மாட்டினேன், லைவ்ல அந்த நாப்பை டெம்போவோட இணைச்சேன் (இதைத்தான் மேப் பண்றதுன்னு சொல்வாங்க), நாப்பைத் திருப்பினேன். கன்ட்ரோலர் டிஸ்ப்ளேல 92.00, 92.01, 92.02ன்னு அழகா ஓடுது. லைவ்ல டெம்போ அசையவே இல்ல. இன்னும் திருப்பினேன், டிஸ்ப்ளே 92.40 தாண்டினதும் லைவ்ல ஒரே குதி. ட்ராக்ல இருந்த ஆடியோ வார்ப் ஆகிட்டு (டெம்போவுக்கு ஏத்த மாதிரி நீண்டு சுருங்கிட்டு) இருந்ததால அந்தக் குதி அப்படியே காதுல விழுந்துச்சு, தபேலா சத்தம் ஒரு நொடி பிசிறடிச்சு நின்னுச்சு.

உடனே மிடி மானிட்டர் சாஃப்ட்வேரைத் திறந்து, வயர்ல உண்மையிலேயே என்னதான் வருதுன்னு பார்த்தேன். 14 பிட்னா ஒவ்வொரு அசைவுக்கும் ஜோடியா ரெண்டு வரி வரணும். உதாரணத்துக்கு கன்ட்ரோல் நம்பர் 20ல ஒண்ணு, அதோட ஜோடி 52ல ஒண்ணு, எப்பவும் 32 வித்தியாசத்துல. இதுல ஒரே ஒரு நம்பர்தான் வருது. மதிப்பு 58, ரொம்ப நேரம் எதுவும் இல்ல, அப்புறம் 59. நாப்பைத் தொடாம சும்மா வெச்சிருந்தப்பவும் 59, 58, 59, 58ன்னு தானாவே வந்துட்டு இருந்துச்சு. அதாவது உள்ள இருக்கிறது சாதாரண பொட்டன்ஷியோமீட்டர் (திருப்பினா மின்தடை மாறுற பாகம்), அதுவும் நடுங்குறது. டிஸ்ப்ளேல ஓடுற அந்த ரெண்டு டெசிமல் நம்பர் கன்ட்ரோலருக்குள்ளயே சுத்துற நம்பர், கம்ப்யூட்டருக்கு அது போகவே இல்ல.

அப்புறம் அவங்க போட்டிருந்த டெமோ வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாப்பைத் திருப்புற இடத்துல எல்லாம் கேமரா அந்த சின்ன டிஸ்ப்ளேவை மட்டும்தான் காட்டுது, லைவ்ல டெம்போ பாக்ஸ் இருக்கிற மூலையை ஒரு தடவை கூட காட்டல. இது தெரியாம நடந்த தப்புன்னு என்னால ஏத்துக்க முடியல.

சப்போர்ட்ல கேட்டா முதல் பதில், உங்க சாஃப்ட்வேர் செட்டிங் தப்பு. லைவ்ல மேப்பிங் பண்ணும்போது கீழ வர்ற மோட்ல அப்சல்யூட், அப்சல்யூட் 14 பிட், ரிலேட்டிவ்ல (எவ்வளவு ஏறுச்சு, இறங்குச்சுன்னு மட்டும் சொல்ற முறை) நாலஞ்சு வகைன்னு எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். அடுத்த பதில், டிரைவர் இன்ஸ்டால் பண்ணுங்கன்னு. பெட்டி மேலயே டிரைவர் தேவையில்ல, மாட்டினா வேலை செய்யும்னு போட்டிருக்கு, அவங்க சைட்ல டிரைவரே கிடையாது, எதை இன்ஸ்டால் பண்றது? மானிட்டர் லாகை அப்படியே அனுப்பி, ஒரு கன்ட்ரோல் நம்பர்தான் வருது, ஜோடி எங்கன்னு நேரா கேட்டேன். அதுக்கு வந்த பதில்தான் என்னை ரொம்ப கோபப்படுத்தினது: "மிடியிலேயே டெம்போ மெசேஜ் இருக்கு சார், எங்க டிவைஸ் அதைத்தான் அனுப்புது, உங்க சாஃப்ட்வேருக்குப் புரியல."

இது சுத்தப் பொய். இந்த மாதிரி டிவைஸ் பேசுற சாதாரண மிடியில (மிடி 1.0) டெம்போவை நம்பரா சொல்ற மெசேஜ் இருக்கிறது மிடி ஃபைலுக்குள்ள மட்டும்தான். ஒரு பீட்டுக்கு எத்தனை மைக்ரோ செகண்டுன்னு அதுல எழுதியிருக்கும், 120 பிபிஎம்னா 500000. கேபிள்ல அப்படி ஒரு மெசேஜ் போகாது. கேபிள்ல போறது மிடி கிளாக், ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. அந்தத் துடிப்புல 92ன்னோ 120ன்னோ எந்த நம்பரும் இருக்காது, வாங்குற சாஃப்ட்வேர் ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கிற நேரத்தை அளந்துதான் டெம்போவைக் கண்டுபிடிக்கணும்.

இதை எழுதி அனுப்பினதும் பேச்சை மாத்தி, அப்போ கிளாக் மோட்ல போடுங்கன்னாங்க. சரின்னு அதையும் போட்டுப் பார்த்தேன். 92 பிபிஎம்ல ரெண்டு துடிப்புக்கு நடுவுல சுமார் 27 மில்லி செகண்ட். அதுல ஒரு மில்லி செகண்ட் முன்ன பின்ன ஆனாலே அந்த ஒரு துடிப்பைப் பொறுத்தவரை மூணு பிபிஎம்முக்கு மேல வித்தியாசம் காட்டும். சாஃப்ட்வேர் பல துடிப்பைச் சேர்த்து சராசரி எடுத்துதான் சமாளிக்குது, அதனால நாப்பைத் திருப்பினா டெம்போ பின்னாடி தேங்கித்தான் வரும். நல்ல கிளாக்னா இதெல்லாம் பொறுத்துக்கலாம். இவங்க கிளாக்ல லைவ் டெம்போ பாக்ஸ் ஒரு இடத்துல நிக்கவே இல்ல, 91க்கும் 93க்கும் நடுவுல ஆடிட்டே இருந்துச்சு. அதோட எல்லா சாஃப்ட்வேரும் வெளி கிளாக்கை வாங்கிக்காது, நிறைய சாஃப்ட்வேர் கிளாக் அனுப்பும், ஆனா ஃபாலோ பண்ணாது. "எந்த சாஃப்ட்வேர்லயும் வேலை செய்யும்"ங்கிறதும் அங்கேயே அடிபட்டுப் போச்சு.

ரிட்டர்ன் கேட்டேன். பெட்டி பிரிச்சாச்சு, அதனால பணம் திரும்பத் தர முடியாது, சர்வீஸுக்கு வேணா அனுப்புங்கன்னாங்க. பிரிக்காம எப்படி மாட்டிப் பார்க்கறது? அனுப்பி, ரொம்ப நாள் கழிச்சு திரும்ப வந்தப்ப உள்ள ஒரு சீட்டு, "பழுது எதுவும் இல்லை". அதே யூனிட், அதே நடுக்கம், பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ மட்டும் காணோம். நான் எழுதின ரிவ்யூவும் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கத்துல வரல, அஞ்சு ஸ்டார் ரிவ்யூ மட்டும் வரிசையா இருக்கு.

வாங்கப் போறவங்க விக்கிறவங்ககிட்ட "ஹை ரெசல்யூஷனா"ன்னு கேட்டு நிறுத்திடாதீங்க, அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. நாப்பை மெதுவா திருப்பும்போது மிடி மானிட்டர்ல என்ன வருதுன்னு ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேளுங்க. விண்டோஸ்ல மிடி ஆக்ஸ், மேக்ல மிடி மானிட்டர், ரெண்டுமே இலவசம், அவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. தர மாட்டேன்னா வாங்காதீங்க. என்ட்லெஸ் என்கோடர்னு (முடிவே இல்லாம சுத்துற நாப்) சொன்னா எந்த வகை ரிலேட்டிவ்னு கேளுங்க. ஒரு வகையில ஏத்தினா 1, இறக்கினா 127 வரும், இன்னொண்ணுல 65, 63 வரும். சாஃப்ட்வேர்ல அதுக்கு ஏத்த மோட் போடலைன்னா ஒரு சின்ன திருப்புல டெம்போ அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் தாவும், மேடையில அது நடந்தா காப்பாத்த வழியே இல்ல. மேனுவல்ல மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட்னு, கருவி என்னென்ன மெசேஜ் அனுப்பும்னு சொல்ற ஒரு அட்டவணை இருக்கணும், அது இல்லாத கன்ட்ரோலர் மேல எனக்கு இப்போ நம்பிக்கையே இல்ல.

ஏற்கெனவே 7 பிட் கன்ட்ரோலர் வெச்சிருக்கிறவங்க புதுசு வாங்கணும்னு அவசியமே இல்லங்கிறதையும் சொல்லணும். லைவ்ல மிடி மேப்பிங் லிஸ்ட்ல மினிமம், மேக்ஸிமம்னு ரெண்டு கட்டம் இருக்கும். பாட்டு 92னா மினிமம் 88, மேக்ஸிமம் 100 போடுங்க, 12 பிபிஎம்மை 127ஆ பிரிக்கும்போது ஒரு படி 0.1க்கும் கீழ வந்துடும். மேடைக்கு அது தாராளம். லைவ் டெம்போ பாக்ஸ்ல முழு நம்பருக்கும் டெசிமலுக்கும் தனித்தனியா ரெண்டு நாப் மேப் பண்ணவும் முடியும். செட்டிங்ஸ்ல (பழைய வெர்ஷன்ல ப்ரிஃபரன்ஸ்) டேக்ஓவர் மோடை பிக்அப்ல வெச்சிடுங்க, அப்போ டெம்போ இருக்கிற இடத்துக்கு நாப் வர்ற வரைக்கும் எதுவும் மாறாது, இல்லைன்னா நாப் ஒரு இடத்துலயும் டெம்போ ஒரு இடத்துலயும் இருக்கும்போது தொட்ட உடனே குதிக்கும். நடுங்குற நாப்பை மட்டும் டெம்போவுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க, ரேஞ்சைக் குறைச்சாலும் அந்த ஒரு படி ஆட்டம் ஓடிட்டேதான் இருக்கும். நான் இப்போ பழைய கீபோர்டுல இருக்கிற ஒரு ஃபேடரை இந்த மாதிரி ரேஞ்ச் குறைச்சு வெச்சுதான் வாசிக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி "14 பிட்தான்"னு அவங்க எழுதின சாட், மானிட்டர் லாக், டிஸ்ப்ளேவையும் லைவ் ஸ்க்ரீனையும் ஒரே ஃப்ரேம்ல வெச்சு எடுத்த வீடியோ, மூணையும் சேர்த்து பணம் கட்டின பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், முடிவு இன்னும் வரல. உங்ககிட்டயும் இந்த மாதிரி டிஸ்ப்ளே வெச்ச டெம்போ நாப் இருந்தா, மானிட்டர்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு ஜோடியா ரெண்டு வரி வருதா ஒத்தையா வருதான்னு கமென்ட்ல சொல்லுங்க, என்னோட புகாரோட அதையும் சேர்த்து அனுப்பறேன்.