பூனை, ஆமை, வெற்றுத் திரை: நிரலாக்கத்தை எதிலிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியில், பிறை வட்டாரத்தில், வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் இடைநிலைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் நிரலாக்கம் கற்பித்து வருகிறேன். பிள்ளை கட்டைகளை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்சில் விளையாட்டுச் செய்து பழக வேண்டுமா, ஆணைகளை எழுத்தால் எழுதும் பைதான் மொழிக்கு நேரே போய்விடலாமா என்பதுதான் பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி. 1972இல் இன்டெல் தன் ஆலையைப் பினாங்கில் திறந்த காலம் தொட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் முறைமாற்றி உழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த இயந்திரங்களை இயக்கும் நிரல்களைத் தம் பிள்ளைகள் எழுத வேண்டும் என்று அவர்கள் விரும்புவதும், அந்த விருப்பத்தில் சற்று அவசரம் கலந்திருப்பதும் எனக்கு நன்கு புரிகிறது.

என் வகுப்பில் நான் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று: பூனையைச் சின்னமாகக் கொண்ட ஸ்கிராட்ச், பைதானுடன் கூடவே வரும் டர்ட்டில் என்னும் ஆமை, உலாவியில் வெற்றுத் திரையாகத் திறக்கும் பி5 ஜேஎஸ். மூன்றுமே கட்டணமில்லாதவை என்பதால், பணத்தை வைத்து எதையும் தள்ளவேண்டியதில்லை.

ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது. இப்போது நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. ஆணைகள் வண்ணக் கட்டைகளாக இருப்பதால் எழுத்துப்பிழைக்கோ நிறுத்தக்குறிப் பிழைக்கோ அங்கே இடமில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும் பெர்ரியைத் திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்த்தும் அசைவூட்டத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளை முதல் வகுப்பிலேயே செய்துவிடுகிறது. எழுத்தை அடிப்படையாகக் கொண்ட எந்த மொழியாலும் அந்த முதல் மணி நேரத்து மகிழ்ச்சியைத் தர இயலாது என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதன் குறை, பிழை நேரும்போது ஸ்கிராட்ச் வாய் திறப்பதில்லை என்பதில் இருக்கிறது. "தொட்டால்" என்ற நிபந்தனையை "எப்போதும்" என்ற கட்டைக்கு வெளியே வைத்துவிட்டால், நிரல் அந்த நிபந்தனையை ஒரே ஒரு முறை, நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்திய அந்தக் கணத்தில் மட்டும் சோதித்துவிட்டு ஓய்ந்துவிடும். பெர்ரி பாறையில் மோதினாலும் ஒன்றும் நடக்காது, எச்சரிக்கையும் வராது. பிள்ளை கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, எப்படியோ சரியானதும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஏன் சரியானது என்பது அதற்குத் தெரியாமலே நின்றுவிடுகிறது. திரையின் நடுவே சுழியத்தை வைத்து, கிடைமட்டத்தில் −240 முதல் 240 வரையும் செங்குத்தில் −180 முதல் 180 வரையும் அளக்கும் ஏற்பாடும் தொடக்கப்பள்ளி மாணவர்களைத் தடுமாற வைக்கும், ஏனெனில் எதிர்ம எண்களை அவர்கள் பாடமாகப் படிப்பது இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் 1இல்தான்.

ஆமையின் வரலாறு நீண்டது. 1967இல் வாலி ஃபோயர்ஸைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ என்ற மொழியை உருவாக்கினர். பின்னர் அதனுடன் தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஓர் இயந்திர ஆமை சேர்ந்தது. குழந்தை தன்னையே ஆமையின் இடத்தில் நிறுத்தி, தன் உடலால் நடந்து பார்த்து யோசிக்க முடியும் என்பதே பேப்பர்ட் வற்புறுத்திய கருத்து. இதன் வலிமையை நான் முக்கோணப் பாடத்தில்தான் கண்டேன். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கணிதத்தில் படித்த மாணவன், "100 அடி முன்னே, 60 பாகை இடப்பக்கம்" என்று மூன்று முறை எழுதுகிறான். திரையில் முக்கோணத்துக்குப் பதிலாக அறுகோணத்தின் பாதி வந்து நிற்கிறது. அவனை எழுந்து தரையில் நடக்கச் சொன்னால், மூலையில் தான் உண்மையில் எவ்வளவு திரும்ப வேண்டியிருக்கிறது என்பதைத் தானே உணர்ந்து 120 என்று மாற்றுகிறான். பிழை படமாக நிற்கிறது, நகராமல் நிற்கிறது, எந்தப் படியில் நேர்ந்தது என்பதை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது; விளையாட்டில் நேரும் பிழையோ கண்சிமிட்டும் நேரத்தில் தோன்றி மறைந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு ஆமையிடம் இன்னொரு நெருக்கமும் உண்டு. கோலத்துக்குப் பாட்டி "ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடி" என்று சொல்லும்போது, தொடக்க மதிப்பு, எந்தப் படியில் எவ்வளவு குறைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நடுவிலிருந்து இருபுறமும் இரண்டிரண்டாகக் குறையும். ஊடுபுள்ளியாக இருந்தால் ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று ஒவ்வொன்றாகக் குறைந்து, வரிசையும் அரைப்புள்ளி தள்ளி அமையும். ஆணைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி என்ற, பலரும் இடறும் பாடத்தை என் மாணவியர் இந்தப் புள்ளிகளை இட்டே கற்றுக்கொண்டார்கள். சிக்குக் கோலத்தின் வளைவுகளுக்கு, வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் வரையும் ஆணையும் பைதானில் இருக்கிறது. 1970களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி குழுவினர் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள் என்பதைச் சொன்னபோது, மாணவியரைவிட அவர்களுடைய அம்மாக்களே அதிகம் வியந்தார்கள்.

ஆமைக்கும் எல்லை உண்டு. பல உருக்கள் ஒரே நேரத்தில் நகரும் விளையாட்டுக்கு அது எளிதில் ஈடுகொடுக்காது. முக்காற்புள்ளி ஒன்று விடுபட்டாலும் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்து சில பிள்ளைகளை மிரட்டிவிடும். மொழித் தடையைப் பொறுத்தவரை, முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியை ஒருமுறையாவது காட்டிவிடுகிறேன். அதில் நிபந்தனை முன்னே வந்து "ஆனால்" என்ற சொல் பின்னே வருகிறது; தமிழ்ப் பிள்ளை பேசும் வரிசையும் அதுதான்.

பி5 ஜேஎஸ், கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ப்ராசஸிங் என்ற வரைகலை நிரலாக்கக் கருவியின் வழியில், லாரன் மெக்கார்த்தி உலாவிகளில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்காக உருவாக்கியது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை மீண்டும் மீண்டும் வரைவதே அசைவு என்ற உண்மையை இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை. பின்னணியைப் பூசும் ஆணையை மறந்தால் பந்து தன் பழைய நிழல்களையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடும். மாணவர்கள் பார்த்தவுடன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இங்கே சுழியம் திரையின் இடது மேல் மூலையில் இருப்பதால், ஸ்கிராட்சில் பழகியவர் உருவைக் குதிக்க வைக்க எண்ணைக் கூட்டினால் அது கீழே அமிழும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தின் வேகத்தைச் சற்றே குறைத்தால், சில வேளைகளில் அது சுவருக்கு அப்பாலேயே சிக்கி நடுங்கிக்கொண்டிருக்கும். இதன் காரணத்தைக் கண்டறிய, ஒவ்வொரு கட்டத்திலும் இடமும் வேகமும் என்னவாக இருந்தன என்று எழுதிப் பார்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை பெரும்பாலோர்க்குப் படிவம் 2க்கு முன் வருவதில்லை.

ஆகவே, ஸ்கிராட்சிலிருந்து எழுத்துவழி விளையாட்டுக்கு ஒரே தாவலாகத் தாவச் செய்வதை நான் ஏற்பதில்லை. என் வகுப்பை விட்டு நின்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாவலில்தான் நின்றார்கள். ஆண்டு 4, 5 மாணவர்களுக்கு ஸ்கிராட்ச், அதிலும் இறுதி வாரங்களில் அதன் பேனா நீட்சியைக் கொண்டு வரைதல். ஆண்டு 6 முதல் குறைந்தது ஆறு மாதம் ஆமை. அதன் பிறகே பி5 என்று வைத்திருக்கிறேன். வீட்டில் கைப்பேசி மட்டுமே உள்ள மாணவருக்கு மட்டும் பி5ஐ முன்னே கொண்டுவருகிறேன், அது எந்த உலாவியிலும் ஓடும் என்பதால்.

இந்தப் பருவத்தில் மூத்த மாணவர்கள் பல்லாங்குழியை முதலில் ஸ்கிராட்சிலும் பிறகு பி5இலும் செய்தார்கள். ஸ்கிராட்சின் பட்டியலில் வரிசையெண் 1இலும், ஜாவாஸ்கிரிப்டின் பட்டியலில் 0இலும் தொடங்குவதால் முதல் ஆட்டத்தில் காய்கள் ஒரு குழி தள்ளியே விழுந்தன. முன்பு ஆமையோடு ஆறு மாதம் கழித்திருந்தவர்கள் தாளை எடுத்துப் பதினான்கு குழிகளை வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணை எழுதத் தொடங்கினார்கள்.