ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல்: வயரா, ப்ளூடூத்தா, இயர்ஃபோனா?

சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு முதலில் போவது தொண்டைதான். கண்ணாடி இறக்கியிருக்கும், இரண்டு தலையிலும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருக்கும். அதற்குள் "இப்போ பிரேக்" என்று நாம் அலறினால் அவர் "அண்ணா, என்ன சொன்னீங்க?" என்று நம் பக்கம் தலையைத் திருப்புவார். அந்த வேகத்தில் தலையைத் திருப்பிக் கேட்கிற மாணவருக்குச் சுத்தமாகவே காது கேட்காத மாணவர் எவ்வளவோ மேல்.

ஆக, இரண்டு ஹெல்மெட்டிலும் மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதை வைப்பது என்பதில்தான் சண்டை. ராலிக்காரர்களின் வயர் இன்டர்காம் ஒரு கட்சி, பைக் ஓட்டுகிறவர்களின் ப்ளூடூத் ஒரு கட்சி, காதுக்குள் சொருகும் இயர்ஃபோன் ஒரு கட்சி. மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லிக்கொடுப்பவர் நீங்கள் என்றால் வயர்தான். குரல் தெளிவு என்பதற்காக மட்டும் இல்லை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை வேறு ஒரு தலை, வேறு ஒரு ஹெல்மெட் உங்கள் முன்னால் வந்து நிற்கும், அதில் இரண்டு நிமிடத்தில் மாட்டி, ஓட்டி முடித்ததும் கழற்றி அடுத்தவருக்கு மாட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கிற ரிவ்யூ எல்லாம் ஒரே ஹெல்மெட்டில் ஒட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து எழுதியது. நம் கணக்கு வேறு.

முதலில் தாமதம். ராலியில் கோ-டிரைவர் பேஸ் நோட்ஸ் வாசிப்பார், அடுத்த வளைவு எவ்வளவு கூர்மை, மேடு எங்கே என்று. அது அரை நொடி பிந்தினால் கார் மரத்தில் இருக்கும். ஸ்டிலோ, பெல்டர், டெராட்ரிப் கம்பெனிகளின் செட்டுகள் என்று ராலி உலகம் இன்னும் வயர் இன்டர்காமையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். வயரில் தாமதம் என்ற பேச்சே கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், பட்டன் அமுக்க வேண்டாம், இரண்டு செட்டையும் ஒன்றோடொன்று இணைக்கும் பேரிங் (pairing) வேலை வேண்டாம். ப்ளூடூத்தில் குரலை டிஜிட்டலாக மாற்றி, அனுப்பி, திரும்பக் குரலாக்க வேண்டியிருப்பதால் சின்னத் தாமதம் உண்டு. நெடுஞ்சாலையில் "அடுத்த டீக்கடையில் நிறுத்து" என்று சொல்ல அது ஒரு பொருட்டே இல்லை. டிராக்கில்? தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டரில் அந்த 150 மில்லிசெகண்டுக்குள் கார் 5 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு முழுக் காரின் நீளம். சிலர் ஆளுக்கொரு வயர்லெஸ் பட்ஸ் மாட்டி ஒருவருக்கொருவர் போன் கால் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். பட்ஸின் தாமதம், நெட்வொர்க்கின் தாமதம், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். "டர்ன்" என்று நாம் சொல்லி அவர் காதில் விழும்போது திருப்ப வேண்டிய இடம் தாண்டியிருக்கும்.

தாமதத்தைவிடக் கொடுமையானது குரலை நறுக்குவது. சில இன்டர்காம்களில், வயரோ ப்ளூடூத்தோ, குரல் கேட்டால்தான் மைக் திறக்கும், இதை வாக்ஸ் என்பார்கள். அது விழித்துத் திறப்பதற்குள் முதல் அசை போய்விடும். "பிரேக்" என்றால் "ரேக்" என்று கேட்கும், அதாவது பரவாயில்லை, புரிந்துகொள்ளலாம். காற்று இரைச்சல் விழுங்குவது கடைசி அசையை. தமிழில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது தனி ஆபத்து, நம் மொழியில் 'வேண்டாம்' என்ற சங்கதி முழுக்க வால் பக்கம்தான் வருகிறது. "ஆக்ஸிலேட்டரை விடாதே" என்பதில் வால் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். நடு வளைவில் சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து, பின் டயர்கள் பிடி இழந்து, கார் சுற்றிவிடும். நான் இப்போது "விடாதே" என்று சொல்வதே இல்லை, "பிடி, பிடி, பிடி" என்பேன். எந்த செட் வாங்கினாலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள், செலவில்லை. செட் வாங்கும்போது வாக்ஸை அணைத்து மைக்கை எப்போதும் திறந்தே வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை.

வயரின் குறைகளை மறைக்கவில்லை. முதல் குறை பிளக். ஸ்டிலோ ஹெல்மெட்டின் பிளக் பெல்டர் ஆம்ப்ளிஃபயரில் (இரண்டு ஹெல்மெட்டின் வயரும் வந்து சேரும், குரலைப் பெருக்கும் பெட்டி) நேராகப் போகாது, அடாப்டர் வேண்டும். பிளக் ஒரே மாதிரி இருந்து உள்ளே வயரிங் வேறாக இருக்கும் கொடுமையும் உண்டு, அமெரிக்காவில் ரேஸ் கார்களுக்கு வரும் நான்கு கம்பி பிளக்கும் பாலைவனத்தில் ஓடும் பக்கி (buggy) கார்களுக்கு வரும் நான்கு கம்பி பிளக்கும் பார்க்க ரெட்டைப் பிள்ளைகள், வேலை செய்வது வேறு விதம். மைக்கிலும் டைனமிக், எலக்ட்ரெட் என்று இரண்டு ஜாதி. எலக்ட்ரெட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் சிறிது மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும். தனித்தனியாக வாங்கிச் சேர்க்கிறேன் என்று கிளம்பி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஹெட்செட், எல்லாம் ஒரே கம்பெனியில் ஒரே பெட்டியில் வாங்கிவிடுங்கள். இரண்டாவது குறை, வயரேதான். கியர் லீவர் பக்கமோ ஹேண்ட்பிரேக் பக்கமோ தொங்கக் கூடாது, தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் பெல்ட்டோடு வெல்க்ரோ போட்டுக் கட்டவேண்டும். அவசரமாக இறங்கும்போது இழுத்தால் தானாகக் கழன்று வரும் பிளக்காக இருக்கவேண்டும், திருகு போட்டு இறுக்கும் பிளக் வேண்டவே வேண்டாம். கார் நின்றதும் பிளக்கை மறந்து இறங்கி, கழுத்து சுண்டி, திரும்ப சீட்டிலேயே உட்காராத கோச் யாரும் இல்லை.

சரி, ப்ளூடூத். சேனா, கார்டோ, பெங்களூரின் ப்ளூஆர்மர், அப்புறம் பெயரே வாயில் நுழையாத சீன செட்டுகள். வயர் இல்லை என்பது பெரிய விடுதலை, அதை ஒப்புக்கொள்கிறேன். கணவன் மனைவி, அப்பா பிள்ளை, எப்போதும் ஒரே இரண்டு பேர் ஒரே இரண்டு ஹெல்மெட் என்றால் நான் கூட இதையே வாங்குவேன். சிக்கல் எல்லாம் அந்நியர் வரும்போதுதான். மாணவர் "என்கிட்டயே இன்டர்காம் இருக்கு சார்" என்று சந்தோஷமாக வருவார். அவருடையது கார்டோ, நம்முடையது சேனா. பல செட்டுகளை ஒரே வலையாக இணைக்கும் மெஷ் (mesh) முறை இரண்டிலும் தனித்தனி பாஷை. ஒன்றை போன் மாதிரி ஏமாற்றி இன்னொன்றோடு இணைக்கலாம், பிட் லேனில் (கார்கள் டிராக்குக்குள் நுழையக் காத்திருக்கும் பாதையில்) வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது அதைச் செய்து பாருங்கள், தெரியும். இதில் மைக்ரோபோனின் இரைச்சல் வடிகட்டி பைக் காற்றுக்காக வடிவமைத்தது. காருக்குள் கியர்பாக்ஸ் ஊளையும் எஞ்சின் அலறலும் சேர்ந்து வரும்போது சில செட்டுகள் எது குரல், எது இரைச்சல் என்று திணறி, வாக்கியத்தின் நடுவே ஓட்டை போடும்.

இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். ப்ளூடூத் செட்டுகளின் பெட்டி ஹெல்மெட்டின் இடது வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பைக்கில் அந்தப் பக்கம் வெறும் காற்று. ரேஸ் சீட்டில் தலைக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி இறக்கை இருக்கும், தலை பக்கவாட்டில் மோதும்போது தாங்குவதற்கு. அந்த இறக்கைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு கெட்டிப் பெட்டியும் லித்தியம் பேட்டரியும் எதற்கு? ஹெல்மெட்டிலும், ஸ்னெல் என்ற அமெரிக்க அமைப்பு கொடுக்கும் தரச் சான்றில் எம் என்பது பைக்குக்கு, எஸ்ஏ என்பது காருக்கு. எஸ்ஏவில் தீப்பற்றும் சோதனை உண்டு, எம்மில் இல்லை. கார் உருண்டால் நசுங்காமல் தாங்கும் ரோல் பார் கம்பியில் மோதுவதுபோல் ஒரு சோதனையும் எஸ்ஏவுக்கு உண்டு. இவ்வளவு பார்த்து எஸ்ஏ ஹெல்மெட் வாங்கிவிட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டியை ஒட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

காதுக்குள் போகும் இயர்ஃபோன், ஹெல்மெட்டில் ஒட்டிய மைக்: ஃபார்முலா கார்க்காரர்களின் வழி. குரல் தெளிவில் இதுதான் ராஜா, சந்தேகமே இல்லை, வெளி இரைச்சலைக் காதிலேயே அடைத்துவிடுவதால் குறைந்த வால்யூம் போதும். இது சின்ன விஷயமில்லை. 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடம் என்பதுதான் அமெரிக்காவின் தொழில்நலக் கழகமான நியோஷ் ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்பு. இரைச்சலை ஜெயிக்க ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டே போனால் ஒரே செஷனில் அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஆனால் சொல்லிக்கொடுக்க இது ஒத்துவரவில்லை. ஒருவர் காதில் இருந்ததை எடுத்து அடுத்தவர் காதில் வைக்க முடியாது, ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது கழன்று தாடையில் தொங்கும், டேப் போட்டு ஒட்ட வேண்டும், சென்னை வியர்வையில் டேப் இரண்டாவது லேப்பிலேயே ராஜினாமா. மேலும் புதிதாகப் பழகுகிறவர் டயரின் முனகலைக் கேட்டுப் பழக வேண்டும், காதை அடைத்தால் அந்தப் பாடமும் போகும். கோச்சின் காதுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு மாணவருக்கு ஸ்பீக்கர் கொடுப்பது நல்ல சமரசம், அதே வயர் செட்டில் பல நேரம் இதற்கு வழி இருக்கும்.

இனி மாட்டும் விஷயம். காசு போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஸ்பீக்கரின் நடு காது ஓட்டைக்கு நேராக இருக்கவேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினால் வால்யூம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும், உடனே எல்லாரும் செட்டைக் குறை சொல்வார்கள். காது நாம் நினைப்பதைவிட ஹெல்மெட்டில் மேலே இருக்கிறது. கன்னப் பேடைக் கழற்றினால் பெரும்பாலான ஹெல்மெட்டில் காதுக்கென்று ஒரு பள்ளம் தெரியும், தட்டையான ஸ்பீக்கர் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மெல்லிய ஸ்பீக்கர் தேடுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலைச் சுரண்டி இடம் பண்ணாதீர்கள். மோதலை வாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மோகோல்தான். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் துளை போடுவது அதைவிட மோசம். தயாரிப்பாளர் சொன்ன முறைக்கு மீறி ஹெல்மெட்டை மாற்றக் கூடாது என்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியும்கூட. பள்ளமே இல்லாத ஹெல்மெட்டோடு ஒரு மாணவர் வந்தால் ஸ்பீக்கரை நான் திணிப்பதில்லை, என் பையிலிருக்கும் ஹெல்மெட்டைக் கொடுத்துவிடுவேன், அது எல்லார் தலைக்கும் பொருந்தாது என்பது வேறு கதை.

மைக் உதட்டில் உரச வேண்டும். உரசுகிற மாதிரி இல்லை, உண்மையிலேயே உரச வேண்டும். இரைச்சல் நீக்கும் மைக்குக்கு முன், பின் என்று இரண்டு வாய் உண்டு, தூரத்து இரைச்சல் இரண்டிலும் சமமாக நுழைந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நம் குரல் முன் வாயில் மட்டும் பலமாக விழும், மிஞ்சுவது குரல். நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் குரலும் தூரத்து இரைச்சல் மாதிரி ஆகி அடிபட்டுப் போகும். பின் வாய் உங்களைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். எந்தப் பக்கம் என்று புள்ளியோ எழுத்தோ போட்டிருப்பார்கள், அதற்கு மேல் வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள், அவசரத்தில் கண்ணில் படும். பலாக்லாவா (ஹெல்மெட்டுக்குள் தலையையும் முகத்தையும் மூடும் துணி) போடுகிறவர் என்றால் துணி மைக்கில் தேய்ந்து கர்கர் என்று கேட்கும், வாய்ப்பகுதியைக் கீழே இழுத்துவிடச் சொல்லுங்கள். மைக் பஞ்சு மாணவருக்கு ஒன்று என்று மாற்றிவிடுவேன், சில்லறைச் செலவு.

பைக் சொல்லிக்கொடுப்பவர்கள் கேட்டால், அங்கே வயருக்கு வழியில்லை, ப்ளூடூத்தோ சைகையோதான். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலின் கோச்சுகள் வால் சீட்டைத் தட்டிக் காட்டினால் "என் பின்னால் வா" என்று அர்த்தம், பேச்சே இல்லாமல் பாடம் நடக்கிறது. காரிலும் சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி என்றாவது சாகும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் என்றால் பையில் எப்போதும் இரண்டு உபரி.

பிட் லேனில் கிளம்பும் முன் சோதிக்கும்போது "கேக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், பதற்றத்தில் இருக்கிறவர் எதற்கும் "கேக்குது சார்" என்றுதான் சொல்வார். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கச் சொல்லி, "மூணாவது கியர், நூறு மீட்டர் போர்டு" என்று எதையாவது சொல்லி, அதை அப்படியே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.