தம்பியோட ஹார்ட் செக்-அப்: ரெண்டு இடம், ரெண்டு விதமான அனுபவம்

மொதல்லயே சொல்லிடுறேன், இது வெறும் வயித்துல போயி ரத்தம் குடுத்துட்டு வர்ற மாஸ்டர் செக்-அப் பத்தின ரிவ்யூ இல்ல. விளையாடுற பசங்களோட இதயத்த மட்டும் பாக்குறதுக்குன்னே சனிக்கிழமைல தனியா ஓபி வெக்கிற ஒரு கிளினிக் இருக்கு, அங்க என் தம்பிய கூட்டிட்டு போனோம், அத பத்தி தான். தம்பிக்கு 22 வயசு, சென்னை சீனியர் டிவிஷன் ஃபுட்பால் லீக்ல சம்பளத்துக்கு ஆடுறான், ரைட் பேக், அதாவது வலது பக்கம் நின்னு தடுக்குற டிஃபண்டர். வீட்டு வருமானத்துல பாதி அவன் கால்ல இருந்து வருது. நாங்க வியாசர்பாடி, இங்க எந்த தெருவுல நின்னாலும் எங்கிருந்தாவது ஒரு பந்து உருண்டு வரும், பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேலயோ ரயில் பெட்டி செய்யுற ஐ.சி.எஃப்-லயோ உள்ள போயிட்டா போதும்னு நெனச்சுட்டு தான் அம்மாங்க காலைல 5 மணிக்கு எழுப்பி விடுறாங்க, எங்க அம்மாவும் அப்படித்தான்.

சீசனுக்கு முன்னாடி கிளப்ல எல்லாருக்கும் இ.சி.ஜி எடுக்கணும்னு சொல்லி ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்புனாங்க. பேர் போடல, போட்டு சண்ட போடுற தெம்பு இப்ப இல்ல. அங்க நடந்தது இதான். நெஞ்சுல ஆறு கப்ப ஒட்டுனாங்க, பேப்பர் வந்துச்சு, மேல மெஷினே இது நார்மல் இல்லன்னு அடிச்சு குடுத்துச்சு. எடுத்த ஆளு பேப்பர பாத்துட்டு "ஹார்ட்ல பிரச்சன இருக்கு, பெரிய டாக்டர பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டாரு. டாக்டர் யாரும் பாக்கல, என்ன பிரச்சனன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல, எங்க கைக்கு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே அது கிளப் மேனேஜர் வாட்ஸ்அப்புக்கு போயிடுச்சு, தம்பி பஸ் ஸ்டாப்புல நிக்கும்போதே ஃபோன் வந்துருச்சு, "நாளைல இருந்து பிராக்டிஸ் வேணாம்பா"ன்னு. பத்து வருஷம் ஆடுனவன் பஸ்ஸுக்கு நின்ன எடத்துலயே முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருக்கான். எனக்கு இப்ப வரைக்கும் ஆறல அது.

அதுக்கப்புறம் ஒரு வாரம் அவன் தூங்கல. ராத்திரி 2 மணிக்கு ஃபோன்ல டென்மார்க் பிளேயர் எரிக்சன் விழுந்த வீடியோவ ஓட்டி ஓட்டி பாக்குறான். ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2021 ஜூன் 12, கோபன்ஹேகன்ல டென்மார்க் பின்லாந்து மேட்ச், த்ரோ இன் வாங்க வந்த எரிக்சன் அப்படியே சாஞ்சாரு, டீம் ஆளுங்க அவர சுத்தி முதுக காட்டி நின்னு மறைச்சாங்க. அப்புறம் அதே வருஷம் அக்டோபர்ல பார்சிலோனாவுக்கு ஆடும்போது அர்ஜென்டினா பிளேயர் அக்வேரோ நெஞ்ச பிடிச்சாரு, டிசம்பர் 15 அன்னைக்கு அழுதுகிட்டே ரிடையர்மென்ட் சொன்னாரு, 33 வயசு. இங்கிலாந்து கிரிக்கெட்டர் ஜேம்ஸ் டெய்லர் 2016-ல 26 வயசுல நிறுத்திட்டாரு. எல்லாத்தையும் வரிசையா பாத்துட்டு "அவங்களுக்கு கோடி கோடியா காசு இருக்குண்ணா, நான் நிறுத்துனா என்ன பண்ணுவேன்"னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல.

கிளப்ல கூட ஆடுற ஒரு பையன் சொல்லி தான் இந்த கிளினிக்குக்கு போனோம். இதோட பேரும் போடல, ஒரு டாக்டருக்கு கூட்டம் சேர்க்க எழுதுற மாதிரி ஆயிடக்கூடாது, உங்க ஊர்லயும் இந்த மாதிரி பாக்குற ஹார்ட் டாக்டர் இருப்பாங்க, எதெல்லாம் கேட்டு வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

10 மணிக்கு டோக்கன், உள்ள கூப்ட்டது 1 மணிக்கு. வெயிட்டிங் தான் இங்க பெரிய கொற, உக்கார எடம் கூட பத்தல. ஆனா உள்ள போனதும் டாக்டரம்மா ரிப்போர்ட்ட கைல வாங்கி ஓரமா வெச்சுட்டாங்க. முக்கா மணி நேரம் கேள்வி தான். ஓடும்போது எப்பயாவது மயங்கி விழுந்திருக்கியா, ஓடி முடிச்சப்புறமா ஓடும்போதேவா, நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கா, சப்ளிமென்ட் பவுடர் ஏதாவது சாப்பிடுறியா. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறிட்டாங்களாம்மா? தண்ணில மூழ்கி, வண்டில போகும்போது, தூக்கத்துல, எப்படி இருந்தாலும் சொல்லுங்க"ன்னாங்க. அம்மா இல்லன்னு தான் மொதல்ல தலையாட்டுனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "என் தம்பி ஒருத்தன், 34 வயசு, ராத்திரி சாப்ட்டு படுத்தான், காலைல எழுந்திருக்கல, காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னாங்க"ன்னு சொன்னாங்க. எங்க மாமா அப்படி போனது எனக்கு தெரியும், ஆனா அதுக்கும் தம்பி இ.சி.ஜி-க்கும் சம்பந்தம் இருக்கலாம்னு யாரும் எங்ககிட்ட சொன்னதில்ல. டாக்டரம்மா அத சிவப்பு பேனால எழுதி வட்டம் போட்டாங்க.

அப்புறம் தான் எக்கோ, இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன். இருட்டு ரூம்ல எடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வெச்சு ஜெல் தடவுனாங்க, ஜில்லுன்னு இருந்துச்சுன்னு நெளிஞ்சான். மானிட்டர அவன் பக்கமே திருப்பி வெச்சாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. வால்வு காத்துல ஜன்னல் கதவு மாதிரி தொறந்து தொறந்து மூடுது, அவனே அவன் இதயத்த பாத்துட்டு இருக்கான். ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்குற சுவர்ல ரெண்டு புள்ளி வெச்சு அளந்தாங்க, 14 மில்லிமீட்டர்.

இந்த நம்பர தான் அவங்க பொறுமையா வெளக்குனாங்க, எனக்கு புரிஞ்ச அளவுல சொல்றேன். சாதாரணமா அந்த சுவர் 12-க்குள்ள இருக்கும். வருஷக்கணக்கா ட்ரெயினிங் பண்றவங்களுக்கு கை காலு மாதிரி இதயமும் கொஞ்சம் தடிக்கும், அது வியாதி இல்ல. 15-ம் அதுக்கு மேலயும் போனா ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதின்னு சந்தேகப்படுவாங்க, இதய தசை பரம்பரையா தடிக்கிற நோய், 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்குதாம், நெறய பேருக்கு இருக்குறதே தெரியாதாம். 13, 14 எல்லாம் நடுவுல. ட்ரெயினிங்காலயும் இருக்கலாம், நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். இவனோடது சரியா அந்த நடுவுல வந்து நிக்குது.

தம்பி கேட்டான், "மேடம், நான் இனிமே ஆடலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க."

"இன்னைக்கு தேதிக்கு எனக்கு தெரியலப்பா. மூணு மாசம் குடு, கண்டுபிடிச்சு சொல்றேன்"னாங்க.

எத்தன டாக்டர் இப்படி தெரியலன்னு சொல்லுவாங்க. மூணு மாசம் ட்ரெயினிங்க சுத்தமா நிறுத்தணும், ஓட்டம், ஜிம், ஜாலிக்கு ஆடுற டர்ஃப் கூட கெடையாது. ட்ரெயினிங்ல தடிச்ச இதயமா இருந்தா ஓய்வு குடுத்தா சுருங்கி வரும், நோயா இருந்தா அப்படியே நிக்கும். அது தான் பரிட்சை. நடுவுல மத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க. ட்ரெட்மில்ல ஓட விட்டு பிரஷர் சரியா ஏறுதான்னு பாத்தாங்க, நல்லா ஏறுச்சு. ஹோல்டர்னு ஒரு சின்ன பொட்டிய நெஞ்சுல ஒட்டி 48 மணி நேரம் விட்டாங்க, ராத்திரி தூக்கத்துல துடிப்பு 41 வரைக்கும் எறங்கியிருக்கு, அத பாத்து நான் பயந்துட்டேன், பிளேயருக்கு அது சகஜம்னாங்க. எம்.ஆர்.ஐ-ல மருந்து ஏத்தி தசைல தழும்பு இருக்கான்னு பாத்தாங்க, இல்ல. தழும்பு இல்லாதது நல்ல சேதி, ஆனா அத மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாதுன்னும் சொல்லிட்டாங்க.

எரிக்சன், அக்வேரோ வீடியோ எல்லாம் பாக்குறான்னு நான் சொன்னதும் அவங்க சொன்னது முக்கியம். எல்லாமே இதய பிரச்சனன்னு ஒரே பேர்ல வந்தாலும் ஒவ்வொண்ணும் வேற. ஜேம்ஸ் டெய்லருக்கு வந்தது வலது பக்க தசைய அரிக்கிற வேற நோய், அதுல ஓட ஓட நோயே வளரும், அதனால நிறுத்துறத தவிர வழியே இல்ல. எரிக்சனுக்கு உடம்புக்குள்ள ஐ.சி.டி-ன்னு ஷாக் குடுக்குற கருவி வெச்சாங்க, அத வெச்சுகிட்டு இத்தாலி லீக்ல ஆட அனுமதி கெடையாதுன்னு இன்டர் மிலான் ஒப்பந்தம் முடிஞ்சுது, ஆனா இங்கிலாந்துல பிரென்ட்ஃபோர்டு எடுத்துகிச்சு, அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட்லயே ஆடுனாரு. ஒரே ஆளு, ஒரே இதயம், ஒரு நாட்டுல கூடாது, இன்னொரு நாட்டுல ஆடலாம்.

அதவிட எங்களுக்கு பக்கத்துல இருக்குற கத அன்வர் அலியோடது. பஞ்சாப் பையன், 2017 அண்டர் 17 உலகக் கோப்பைல இந்தியாவுக்கு ஆடுன டிஃபண்டர். 2019-ல மும்பை சிட்டி டீம்ல சேர்ந்தப்ப இதே ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, இதயத்தோட நுனி தடிக்கிற வகை, இருக்குன்னு தெரிஞ்சுது. 2020-ல ஆல் இந்தியா ஃபுட்பால் ஃபெடரேஷன் அவன ட்ரெயினிங்கே பண்ண வேணாம்னு சொன்னாங்க, அவன் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனான். இருவது வயசு அவனுக்கு. அப்புறம் அனுமதி கெடச்சு எஃப்.சி கோவாவுக்கு ஆடி, 2022 மார்ச்ல இந்திய சீனியர் டீமுக்கு ஆடி, ஜூன்ல கொல்கத்தால ஹாங்காங்குக்கு எதிரா ரெண்டாவது நிமிஷமே கோல் போட்டான். இத நான் தம்பிக்கு காட்டுனதும் அந்த கோல அவன் எத்தன தடவ பாத்தான்னு கணக்கு இல்ல, எரிக்சன் வீடியோ நின்னுச்சு. ஆனா டாக்டரம்மா அதுக்கும் ஒரு கடிவாளம் போட்டாங்க. அவன் ஆடுனான்னா எல்லாரும் ஆடலாம்னு அர்த்தம் இல்லப்பா, முன்னாடி எல்லாம் இந்த நோய்னாலே நிறுத்துன்னு தான் சொல்லுவாங்க, இப்ப தான் ரிஸ்க் கம்மியா இருக்குறவங்களோட உக்காந்து பேசி சேர்ந்து முடிவெடுக்கலாம்னு சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க, உன் ரிஸ்க் எவ்வளவுன்னு தெரியாம நான் பேச மாட்டேன்னாங்க.

பரம்பரையா வர்றதுங்கறதால எனக்கும் அம்மாவுக்கும் கூட எக்கோ எடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் நார்மல், குடும்பத்துக்கு பாதி சார்ஜ் தான் வாங்குனாங்க. கடைசில நாங்க எதிர்பாக்காத ஒண்ணு, தரைல ஒரு பொம்மைய போட்டு சி.பி.ஆர், அதாவது இதயம் நின்னுட்டா நெஞ்ச அமுக்கி குடுக்குற முதலுதவி, சொல்லிக் குடுத்தாங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கைய வெச்சு, முழங்கைய மடக்காம, 5 சென்டிமீட்டர் எறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120. அம்மா பொடவைய சொருகிகிட்டு முட்டி போட்டு அமுக்குனாங்க, பாதிலயே அழுக வந்துருச்சு, ஆனா நிறுத்தல, நர்ஸ் போதும்மான்னு சொல்ற வரைக்கும் அமுக்குனாங்க. நான் தண்ணி குடிக்கிற சாக்குல வெளிய வந்துட்டேன்.

செலவு சொல்லிடுறேன். கன்சல்டிங் 1,200, எக்கோ 2,500, ட்ரெட்மில் 1,800, ஹோல்டர் 3,000. எம்.ஆர்.ஐ அங்க இல்ல, வெளிய எழுதிக் குடுத்தாங்க, அது 13,000. ஆக மொத்தம் 21,500, எங்க ரெண்டு பேர் எக்கோ தனி. அம்மா கம்மல் அடகுல இருக்கு. எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ வரைக்கும் தேவப்படாது, எக்கோவுலயே நிறைய பேருக்கு முடிஞ்சிடும்.

காசு குடுத்ததுல எனக்கு எது பெருசுன்னா அந்த லெட்டர். கிளப்புக்கு ஒரு கடிதம் தம்பிகிட்ட படிச்சு காமிச்சு, அவன் சரின்னு சொன்னப்புறம் தான் கையெழுத்து போட்டாங்க. அதுல நோயாளின்னு எங்கயும் எழுதல, பரிசோதனைல இருக்காரு, இந்த தேதி வரைக்கும் ஓய்வு, அதுக்கப்புறம் முடிவு தெரிவிக்கப்படும், அவ்ளோதான். மொதல் எடத்துல ஒரு பேப்பர வாட்ஸ்அப்ல தட்டி விட்டு அவன வெளிய தள்ளுனாங்க, இங்க ஒரு பேப்பர் அவன் எடத்த பிடிச்சு வெச்சிருக்கு, மேனேஜர் இன்னும் அவன ரெஜிஸ்டர்ல இருந்து எடுக்கல. ரெண்டு எடத்துலயும் பாத்தது அதே இதயத்த தான். விளையாட்டுப் பசங்கள பாக்குற எந்த எடமா இருந்தாலும் ரிப்போர்ட்ட மொதல்ல ஆடுறவன் கைல குடுங்க, அவன உக்கார வெச்சு பேசுங்க, கெஞ்சி கேட்டுக்குறேன்.

5-க்கு 4.5 குடுப்பேன், அர மார்க் வெயிட்டிங்குக்காக. போறவங்க பழைய இ.சி.ஜி எது இருந்தாலும் எடுத்துட்டு போங்க, முந்தின நாள் கஷ்டமா ட்ரெயினிங் பண்ணாதீங்க, முக்கியமா வீட்டுல பெரியவங்க ஒருத்தர கூட்டிட்டு போங்க, அந்த காலத்துல யார் எப்படி போனாங்கன்னு அவங்களுக்கு தான் தெரியும்.

ஒம்பது வாரம் ஆச்சு. போன மாசம் கோட்டா ட்ரையல் ஒண்ணு போச்சு, ஷூவ தொடச்சு எடுத்து வெச்சவன் திரும்ப பொட்டிலயே போட்டுட்டான், யாரும் ஒண்ணும் பேசல. ஞாயித்துக்கெழம அண்டர் 13 பசங்களுக்கு விசில் ஊத போறான். பந்து அவன் பக்கம் வந்தா கால்ல நிறுத்தி, குனிஞ்சு கைல எடுத்து எறியுறான், திருப்பி அடிக்க மாட்டேங்குறான், டாக்டர் கூட அவ்ளோ கண்டிப்பா சொல்லல. அடுத்த எக்கோ வர்ற மாசம் ரெண்டாவது சனிக்கெழம. டோக்கன் போட்டாச்சு, அம்மா வேல பாக்குற எடத்துல லீவும் சொல்லியாச்சு.