காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய காமிக்ஸ்

புதுச்சேரி ஞாயிறு சந்தையின் பழைய புத்தகக் குவியலில் முத்து, லயன், ராணி காமிக்ஸ் கண்ணில் பட்டால் உடனே விலை கேட்காதீர்கள். முதலில் நடுப்பக்கத்தைத் திறங்கள். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாள் அந்த இடத்தில் பழுப்பேறிப் பிய்ந்திருக்கும். நடுத்தாள் ஒன்று கழன்றாலே 4 பக்கம் போச்சு, பெரும்பாலும் சண்டைக் காட்சி அதில்தான்! அப்புறம் பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் கோணல்மாணலாக அரித்திருந்தால் இராமபாணம் என்கிற புத்தகப் பூச்சியின் வேலை. வீட்டு அலமாரிக்கும் பரவும்.

பைண்டு செய்த தொகுப்பு மலிவாகத் தெரியும். எனக்குச் சம்மதமில்லை. ஓரத்தை வெட்டி, பக்கவாட்டில் தைத்திருப்பதால் உள்பக்க வசன பலூன்களில் பாதி எழுத்து தையலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி'யை 1972 முதல் பதிப்பு என்று நீட்டினால் அட்டை விலையைப் பாருங்கள். மறுபதிப்புகள் உண்டு; ரூபாய்க் கணக்கில் பெரிய எண் இருந்தால் அது மறுபதிப்புதான், விஷயம் முடிந்தது.

கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகிப் படத்தில் இறங்கும். மெல்லிய தாளும் மைதா பசையும் போதும், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். மழைக்கால ஞாயிறுகளில் போகவே போகாதீர்கள். ஈரம் பட்ட கட்டு செங்கல் மாதிரி ஒட்டிக்கிடக்கும்.